காவேரிப்பட்டணத்துக்கு ஆண்டு விழா: நாள் குறித்து ஒரு கருத்து

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

நம் காவேரிப்பட்டணத்துக்கு ஆண்டு விழா எடுக்க வேண்டும் என்பதில் நம்மில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்த நாளை வைத்துக்கொள்வது என்பதுதான் முடிவாகாமல் இருக்கிறது.

1767ஆம் ஆண்டை முன்மொழிந்தவர்களின் ஆர்வத்தை மதிக்கிறேன். முதலாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படை பிடித்து வைத்திருந்த நம் ஊர்க் கோட்டையை, அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் கணவாய் வழியாக இறங்கி வந்த ஐதர் அலி இரண்டே நாள் முற்றுகையில் மீட்டுக்கொண்டார். செப்டம்பர் 3ஆம் நாள் செங்கத்தில் போர் மூண்டது. பாராமகால் எனப்பட்ட கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தின் வரலாற்றில் நம் ஊருக்கு அழுத்தமான இடம் தந்த நிகழ்ச்சி அது. ஆயினும் அது கோட்டையின் கதை. அந்தப் படைகள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தென்பெண்ணைக் கரையில் நம் முன்னோர் வாழ்ந்தனர் என்பதற்கு, நம் ஊருக்கு அருகில் உள்ள பெண்ணேஸ்வரமடத்துச் சிவன் கோவிலில் உள்ள சோழர், ஒய்சளர் காலக் கல்வெட்டுகளே சான்று. கிருஷ்ணகிரி மாவட்டம் உருவான 2004 பிப்ரவரி 9ஐச் சிலர் சொல்கிறார்கள்; அது மாவட்டம் முழுமைக்கும் உரிய நாள்.

மகா சிவராத்திரியை அடுத்து வரும் மயானக் கொள்ளையையே நம் விழா நாளாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து. அங்காளம்மன் புறப்பட்டு ஆற்றங்கரை மயானத்துக்குச் செல்லும்போது, காளி வேடமிட்டவர்கள் முன்னே ஆடிவர, வேண்டுதல் வைத்தவர்கள் தானியத்தையும் காசையும் சூறையிட, வயல்வேலைக்காரரும் மண்டிக்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே தெருவில் நெருங்கி நிற்கும் அந்த நாளைவிட நம் ஊரை முழுமையாகக் காட்டும் நாள் வேறில்லை. பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருப்பவர்கள் தீபாவளிக்கு வராவிட்டாலும் இதற்கு விடுப்பு எடுத்து வந்துவிடுகிறார்கள். இறந்தவர்களை நினைத்து மயானத்தில் படையலிட்டு, உயிரோடு இருப்பவர்கள் கூடிக் களிக்கும் விழா என்பதால், ஊரின் பழைமையை நினைவுகூரவும் அதுவே பொருத்தம்.

விழாவில் ஆற்றைப் பற்றிப் பேசாமல் இருக்கக் கூடாது. நமக்கு மேலே தென்பெண்ணையின் குறுக்கே, காமராசர் ஆட்சியில் கட்டி முடிக்கப்பட்ட கிருஷ்ணகிரி அணை 52 அடி கொள்ளளவு மட்டம் உடையது. 9,012 ஏக்கர் ஆயக்கட்டுக்கு அதிலிருந்து நீர் போகிறது. 2017 நவம்பரில் அதன் முதல் மதகு உடைந்து நீர் வீணாக வெளியேறியபோது வெளியூர்களில் இருந்த நாம் எவ்வளவு பதறினோம் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். பெங்களூரின் கழிவுநீர் கலந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை ஆண்டுதோறும் செய்திகளில் பார்க்கிறோம். அதே நீர்தான் கீழிறங்கி நம் கரையைத் தொடுகிறது.

ஆகவே வளைவுக்கும் பதாகைக்கும் செலவழிப்பதைக் குறைத்து, ஆற்று நீரை ஆண்டுக்கு இருமுறையாவது பரிசோதித்து முடிவை ஊரில் வெளியிடவும், முதியவர்கள் சொல்லும் ஆற்றங்கரைச் செய்திகளைப் பதிவு செய்து ஆண்டு மலராக அச்சிடவும் நிதி ஒதுக்க வேண்டுகிறேன். மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுத்த தலைமுறையினர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். பதிவுப் பணியில் சேர விரும்புவோர் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் பேசிவிட்டு எழுதினால், எந்தத் தெருவிலிருந்து தொடங்குவது என்று திட்டமிட்டுக்கொள்ளலாம்.