மொரிபிட்டோ வரிசையின் எஞ்சிய நூல்களை ஆங்கிலத்தில் வெளியிடக் கோருவது எப்படி?

கேள்வி:
வணக்கம். ஜப்பானிய எழுத்தாளர் நஹோகோ உவேஹாஷியின் மொரிபிட்டோ நாவல் வரிசையில் ஆங்கிலத்தில் வந்த இரண்டு நூல்களையும் படித்துவிட்டேன். எருது மிரண்டதில் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்த இளவரசன் சாகுமைக் காப்பாற்ற, கீழே வேறொரு பாலத்தைக் கடந்துகொண்டிருந்த பால்சா குதிக்கும் இடத்திலேயே, முப்பது வயதான அந்த மெய்க்காவல்காரி என் மனத்தில் இடம்பிடித்துவிட்டாள். 1996 இல் தொடங்கிய இவ்வரிசை ஜப்பானிய மொழியில் பத்து நூல்களாக 2007 இல் நிறைவுபெற்றது. ஆங்கிலத்திலோ ஸ்கொலாஸ்டிக் நிறுவனம் 2008, 2009 ஆகிய ஆண்டுகளில் இரண்டை வெளியிட்டதோடு நின்றுவிட்டது. இளவரசன் சாகும் பிற்பாடு என்ன ஆகிறான் என்பதை அறிய மிகவும் விரும்புகிறேன். எஞ்சியவற்றையும் மொழிபெயர்க்கும்படி யாரிடம் கேட்பது?

மறுமொழி 1:
வணக்கம் நண்பரே. முதல் நூலுக்கு 2009 இல், மொழிபெயர்க்கப்பட்ட சிறார் நூல்களுக்கான அமெரிக்க விருதான பேட்செல்டர் விருதும், இரண்டாம் நூலுக்கு மறு ஆண்டே அவ்விருதின் சிறப்புத் தேர்வும் கிடைத்தும் வரிசை தொடரவில்லை என்பதிலிருந்து, விருது மட்டும் போதாது, அடுத்த பாகத்தை வாங்க ஆள் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை பதிப்பாளருக்கு வர வேண்டும் என்றே நான் கருதுகிறேன். ஆகவே பொதுவாகப் பாராட்டி எழுதாமல், எந்த நூல் வேண்டும், முந்தைய பாகங்களை விலைகொடுத்து வாங்கினீர்களா, வீட்டில் எந்த வயதுப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். ஸ்கொலாஸ்டிக்குக்கு மட்டுமல்லாமல், இதே ஆசிரியரின் 'தி பீஸ்ட் பிளேயர்' நாவலை 2018 இல் பிரிட்டனில் வெளியிட்ட புஷ்கின் பதிப்பகத்துக்கும் எழுதலாம். அதையும் மொரிபிட்டோவை மொழிபெயர்த்த கேத்தி ஹிரானோவே ஆங்கிலத்தில் தந்திருக்கிறார். உவேஹாஷி 2014 இல் சிறார் இலக்கியத்துக்கான ஆன்டர்சன் விருது பெற்றவர் என்பதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

மறுமொழி 2:
நின்றுபோன வரிசை வேறொரு பதிப்பகத்தின் வழியாக மீண்டும் உயிர்பெற்றதும் உண்டு. நொரிகோ ஓகிவாராவின் 'டிராகன் ஸ்வோர்டு அண்ட் விண்ட் சைல்ட்' ஆங்கிலத்தில் முதலில் வந்தது 1993 இல். விஸ் மீடியா அதை 2007 இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்து, 2011 இல் இரண்டாம் நூலையும் வெளியிட்டது. பதினெட்டு ஆண்டு இடைவெளி பெரிதுதான் என்றாலும், கேட்பதை விட்டுவிட வேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் ஊர் நூலகத்தில் முதல் இரண்டு பாகங்களையும் வாங்கும்படி எழுதிக் கொடுங்கள். அதுவும் ஒரு விற்பனையே. ஆசிரியரின் அனுமதியின்றி இணையத்தில் உலவும் மொழிபெயர்ப்புகளைப் பரப்புவதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

மறுமொழி 3:
மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். உங்கள் ஆர்வம் சாகுமைப் பற்றியது என்பதால், கடிதத்தில் வரிசையின் நான்காம் நூலைக் குறிப்பிட்டே கேளுங்கள். 2001 இல் வெளிவந்த அந்நூலில் அவனே கதைத்தலைவன். சங்கல் என்னும் கடல்சூழ் நாட்டுக்கு அவன் செல்வதே கதை.