பெயரைப் பதியாமல் தொடர் பாரபட்சத்தைக் கண்டறிய வழி உண்டா?

மாணவர் நடத்தை விதிகளைத் திருத்தும் குழுவுக்காகக் கேட்கிறேன். ஒரே ஒரு பிரிவில் முட்டி நிற்கிறோம்.

"உங்க ஆளுங்கள்ல இவ்வளவு நல்லா பேசறவங்க இருக்காங்களா!" என்பது போன்ற பேச்சுதான் சிக்கல். தனியாக எடுத்தால் தண்டிக்க எதுவுமில்லை. ஒரே மாணவர்மீது திரும்பத் திரும்ப விழுந்தால் அவர் வகுப்பில் வாயே திறப்பதில்லை.

முதல் வரைவில் 'புண்படுத்தும் பேச்சுக்குத் தடை' என்று எழுதினோம்; கைவிட்டாயிற்று. யார் புண்பட்டாலும் குற்றம் என்றாகிவிடும். 1989இல் மிச்சிகன் பல்கலைக்கழக விதியை அமெரிக்க நீதிமன்றம் செல்லாததாக்கியதும் அது மங்கலாகவும் மிக அகலமாகவும் இருந்ததால்தான்.

அடுத்து, மாணவர்களுக்கிடையேயான துன்புறுத்தல் குறித்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1999 டேவிஸ் வழக்கில் வகுத்த அளவுகோல்: கடுமையானது, பரவலானது, பொதுநோக்கில் ஆட்சேபகரமானது, கல்வி வாய்ப்பைப் பறிப்பது, எல்லாம் சேர்ந்தே இருக்க வேண்டும். கருத்துரிமைக்கு நல்ல அரண். ஆனால் மேலே சொன்ன வகைப் பேச்சு அதில் சிக்கவே சிக்காது.

பெயரில்லாப் புகார்ப் படிவமும் வைத்துப் பார்த்தோம். பாட விவாதத்தில் வந்த எதிர்க்கருத்துகூடப் புகாராக வந்தது. தண்டனை இல்லை என்று எழுதியும், 'வந்து பேசுங்கள்' என்ற கடிதத்தை மாணவர்கள் விசாரணையாகவே பார்க்கிறார்கள். அது நியாயமான பயம்தான்.

இப்போது கையில் இருப்பது, இருவரும் சம்மதித்தால் மட்டும் நடுவர் முன் உரையாடல், பதிவேட்டில் பெயர் கிடையாது. பெயர் இல்லையென்றால் அதே நபர் மீண்டும் செய்வது தெரியாது. இருந்தால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

பேசியவர் பெயரைப் பதியாமலே தொடர்ச்சியைக் கண்டறியும் விதிவாசகம் எதையாவது நடைமுறையில் பார்த்திருக்கிறீர்களா?