ஜூலையில் அம்மாவுடன் மும்பை: எதற்குப் பயப்பட வேண்டும்?

தாமிரபரணிக்காரன்:
ஜூலை முதல் ஞாயிறு முலுண்டில் சித்தி மகள் கல்யாணம். ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அந்தத் தேதி. பாளையங்கோட்டையிலிருந்து நானும் அம்மாவும் மட்டும் ரயிலில் வந்து சி.எஸ்.எம்.டி.யில் (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) இறங்குகிறோம். தங்குவது மாட்டுங்காவில். அம்மாவுக்கு 64 வயது, முழங்கால் வலி. இந்தி இருவருக்கும் 'நஹி மாலும்' வரைதான். நகையும் கொஞ்சம் கையில் இருக்கும். திருட்டு, ஏமாற்று என்று ஊரில் ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். உண்மையில் எதற்குப் பயப்பட வேண்டும்?

கோலிவாடா அக்கா:
தம்பி, 19 வருஷம் சயானிலிருந்து ஃபோர்ட்டில் இருந்த ஆபீஸுக்கு லோக்கல் ரயிலில் போய் வந்தவள் நான். அத்தனை வருஷத்தில் என்னிடம் திருடு போனது ஒரு குடை. ஆனால் ரயில் வாசலில் விழப்போய்த் தப்பித்தது மூன்று முறை. அதனால் ஆளுக்குப் பயப்படுவதைவிட, அந்த ஊரின் அவசரத்துக்குப் பயப்படுங்கள்.

லோக்கல் ஒரு ஸ்டேஷனில் நிற்பது அரை நிமிஷம்கூட இருக்காது. இறங்குகிறவர்கள் முந்தின ஸ்டேஷனிலேயே வாசலுக்கு வந்து நின்றுகொள்வார்கள். லேடீஸ் பெட்டியில் 'கஹான் உதர்னா ஹை?' (எங்கே இறங்க வேண்டும்?) என்று யாராவது கேட்டால் வம்புக்கு இல்லை. நீங்கள் எழுந்ததும் அந்த இடத்தில் உட்காரத்தான். ஸ்டேஷன் பெயரைச் சொன்னால் போதும், இறங்க வேண்டிய நேரத்தில் அவர்களே எழுப்பிவிடுவார்கள்.

பலகையில் எஸ் என்றிருந்தால் ஸ்லோ, எஃப் என்றால் ஃபாஸ்ட். மாட்டுங்காவில் ஃபாஸ்ட் நிற்காது. வந்த புதிதில் தாதரில் ஃபாஸ்டில் ஏறி, மாட்டுங்காவும் சயானும் ஜன்னலில் ஓடி மறைவதைப் பார்த்துக்கொண்டே குர்லா போய்ச் சேர்ந்தேன், ஒரு கால் செருப்போடு. இன்னொன்று தாதர் தண்டவாளத்தில். அதை எடுக்கக் குனியாததால்தான் இன்று இதை எழுதுகிறேன்.

பெயரிலும் குழப்பம் உண்டு. மாட்டுங்கா சென்ட்ரல் லைன், மாட்டுங்கா ரோடு வெஸ்டர்ன் லைன், கிங்ஸ் சர்க்கிள் ஹார்பர் லைன். மூன்றும் தனித்தனி ஸ்டேஷன்கள். லாட்ஜில் எது பக்கம் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

சி.எஸ்.எம்.டி.யில் பிளாட்பாரத்துக்கே வந்து பெட்டியைத் தூக்குகிற ஆட்களோடு போகாதீர்கள். வெளியே வந்து கறுப்பு-மஞ்சள் டாக்ஸி பிடித்து, ஏறும் முன் 'மீட்டர்' என்று ஒரு வார்த்தை. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சக் கட்டணம் 31 ரூபாய். ஆட்டோவைத் தேடாதீர்கள், சயானுக்குத் தெற்கே அதற்கு அனுமதி கிடையாது. முலுண்டில் உண்டு, அங்கே மீட்டரில்தான் ஓடும். நம் ஊர்ப் பழக்கத்தில் பேரம் பேசினால் உங்களை விநோதமாகப் பார்ப்பார்கள்.

மழை பற்றி நீங்கள் கேட்கவே இல்லையே! கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் பக்கம் தண்ணீர் நிற்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. அன்று ராத்திரி ஆபீஸ் மேஜை மேல்தான் படுத்தேன். தேங்கிய தண்ணீரில் நடக்காதீர்கள், அடியில் திறந்த சாக்கடைக் குழி இருக்கலாம். மழை வலுத்தால் இருக்கிற இடத்திலேயே இருங்கள்.

பாண்டுப்வாசி:
அக்கா சொன்னதெல்லாம் சரி. ஆனால் கல்யாணத்தன்று லோக்கல் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் இருக்கும், அதாவது தண்டவாளப் பராமரிப்புக்காகச் சில தடங்களை மூடிவிடுவார்கள், சென்ட்ரலில் பெரும்பாலும் மாட்டுங்காவுக்கும் முலுண்டுக்கும் நடுவில்தான். ரயில் தடம் மாறி, தாமதமாகி, முகூர்த்தம் போய்விடும். விடியற்காலையில் டாக்ஸி எடுத்து ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் வந்தால் முக்கால் மணி நேரத்தில் மண்டபம். நகையோடு இருக்கும்போது அதுதான் நிம்மதி.

முதுகுப் பையை முன்னால் மாட்டுங்கள். போனை வாசலில் நின்று நோண்டாதீர்கள், ஓடுகிற ரயிலில் கையில் தட்டிப் பறிக்கிற கூட்டம் உண்டு. ரயிலில் ஏதாவது என்றால் 139, மற்றபடி 112.

தாமிரபரணிக்காரன்:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. டாக்ஸியே முடிவு. ஆனால் அம்மா ஒரு தடவையாவது லோக்கலில் ஏறியே ஆக வேண்டும் என்கிறாள். தனியாக லேடீஸ் பெட்டியில் விட எனக்கு மனசில்லை.

கோலிவாடா அக்கா:
விட வேண்டாம். சனிக்கிழமை மதியம் 12 மணிக்கு மேல் பொதுப் பெட்டியிலேயே இரண்டு பேரும் ஸ்லோவில் போங்கள், உட்கார இடம் கிடைத்துவிடும். கால் வலிக்கு மேம்பாலப் படிகள்தான் கஷ்டம், மெதுவாக ஏறட்டும். நேரம் மிச்சம் என்று தண்டவாளத்தில் குறுக்கே இறங்குகிறவர்கள் பின்னால் போய்விடாதீர்கள். சி.எஸ்.எம்.டி. கட்டடத்தை எதிர்ப்புறம் நின்று அம்மாவுக்குக் காட்டுங்கள், 1888-இல் கட்டி முடித்தது. மூன்று மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

தாதர் வந்ததும் எழுந்து வாசல் பக்கம் போய்விடுங்கள். அடுத்தது மாட்டுங்கா.