21-1: சூப்பர்டோம் வாயடைத்து நின்ற இரவு

ஹூஸ்டன்வாசி

2014 ஏப்ரல் 6. நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம் அரங்கில் முப்பதாவது ரெஸில்மேனியா, அதாவது WWE மல்யுத்தத்தின் ஆண்டுப் பெருவிழா. ஹூஸ்டனிலிருந்து நானும் அறைத்தோழரும் ஐந்தரை மணி நேரம் கார் ஓட்டிப் போயிருந்தோம். மேல்தளத்தில்தான் இடம் கிடைத்தது. ரிங் தீப்பெட்டி அளவில் தெரிந்தது, பாதி நேரம் பெரிய திரையைத்தான் பார்த்தோம். பழைய நட்சத்திரங்களான ஹல்க் ஹோகன், ஸ்டோன் கோல்ட், ராக் மூவரும் ஒன்றாக நின்றபோதே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. முதல் போட்டியில் டேனியல் பிரையன் டிரிபிள் எச்சை வீழ்த்தினார். நடுவில் வந்த போட்டிகள் வந்ததும் போனதும் இப்போது நினைவில் இல்லை. அதன்பின் மணியோசை கேட்டது, விளக்குகள் அணைந்தன, அண்டர்டேக்கர் வந்தார்.

1991இல் ஜிம்மி ஸ்னூக்காவை வென்றதிலிருந்து ரெஸில்மேனியாவில் அவர் தோற்றதே இல்லை. 1994, 2000 ஆகிய இரண்டு ஆண்டுகள் மட்டும் ஆடவில்லை. மொத்தம் 21 வெற்றிகள். எதிரே பிராக் லெஸ்னர். எதிரியைத் தோளிலிருந்து சுழற்றி வீசும் எஃப்-5தான் லெஸ்னரின் முடிவு அடி. விழுந்தவரின் தோள்கள் தரையில் இருக்க நடுவர் மூன்று முறை தட்டிவிட்டால் தோல்வி. முதல் எஃப்-5 விழுந்தது, அண்டர்டேக்கர் தோளைத் தூக்கிவிட்டார். இரண்டாவது விழுந்தது, மறுபடியும் தூக்கினார். எங்கள் வரிசையில் எல்லோரும் நிம்மதியாகச் சிரித்தோம். இனி இவர்தான் என்று அறைத்தோழர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். தன் முடிவு அடியான டூம்ஸ்டோன் போடத் தூக்கிய அண்டர்டேக்கரை லெஸ்னர் அப்படியே திருப்பித் தோளில் போட்டுக்கொண்டு மூன்றாவது எஃப்-5 கொடுத்தார். நடுவரின் கை மூன்றாம் முறை தரையைத் தட்டியது.

அதன்பிறகு சத்தமே இல்லை. வென்ற லெஸ்னருக்கான இசைகூட உடனே ஒலிக்கவில்லை. படிக்கட்டில் தின்பண்டம் விற்க வந்தவர் தட்டைத் தலைக்குமேல் பிடித்தபடியே திரையைப் பார்த்து நின்றுவிட்டார். எனக்கு முன்வரிசையில் அகன்ற கருப்புத் தொப்பி அணிந்த பெரியவர் ஒருவர் இருந்தார், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, அதன் ஓரத்தை விரல்களால் மெதுவாகச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார். திரையில் 21-1 என்று எழுத்து வந்தபோதுதான் 75,000 பேரும் மூச்சு விட்டதுபோல் ஒரு முனகல் எழுந்தது.

எல்லாமே முன்கூட்டி எழுதப்பட்டது, இதற்குப் போய் வருத்தப்படுகிறாயா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். முடிவை யாரோ எழுதுகிறார்கள் என்று அந்த அரங்கில் இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். இந்த ஒன்றை மட்டும் எழுதமாட்டார்கள் என்று நம்பியிருந்தோம், அதனால்தான் அப்படி வலித்தது.

திருமங்கலத்துக்காரன்

ஹூஸ்டன் நண்பரே, உங்களுக்கு இரவு, எங்களுக்குத் திங்கட்கிழமை காலை. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, உட்கார்ந்துகொள். அண்டர்டேக்கர் தோற்றுவிட்டார்." நான் நம்பவில்லை. ஏதோ விளையாடுகிறார் என்று நினைத்து வைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் அண்டர்டேக்கரைத் தொலைக்காட்சியில் பார்ப்பதற்கு முன்பே சீட்டில் பார்த்துவிட்டோம். உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், ரேங்க் எல்லாம் அச்சிட்ட அந்த மல்யுத்தச் சீட்டுகளை எங்கள் வயதுக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அண்டர்டேக்கர் சீட்டு கைக்கு வந்தால் உயரத்தைச் சொல்லியே பலமுறை ஜெயித்துவிடலாம். அண்ணன் அந்தச் சீட்டின் முனை மடங்காமல் இருக்க ஒட்டுநாடா சுற்றி வைத்திருந்தார். ஆட்டத்தில் அதை என்னிடம் தோற்ற அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். திருப்பிக் கொடுத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை இரண்டாம் முறையும் அண்ணனே அழைத்தார். இந்த முறை குரலைக் கேட்டதும் புரிந்துவிட்டது. இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவருக்கு அப்போது நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா.

சிங்கப்பூர் செவிலி

நான் மறுஒளிபரப்பில்தான் பார்த்தேன், முடிவு தெரிந்தே பார்த்தேன். எல்லோரும் மூன்றாவது எஃப்-5ஐப் பேசுகிறார்கள். என் கண் வேறு இடத்தில் நின்றது. போட்டியின் பிற்பாதியில் அண்டர்டேக்கர் எழுந்திருக்கும் விதம் சரியில்லை. அடிபட்டதுபோல் நடிப்பவர் கயிற்றைப் பார்த்துப் பிடிப்பார். இவர் கயிறு எங்கே என்று கையால் தேடுகிறார் என்றே எனக்குத் தோன்றியது. வார்டில் தலையில் அடிபட்டு வருகிறவர்களிடம் நான் பார்த்திருக்கிற தேடல் அது. அன்றிரவே அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும், மூளை அதிர்ச்சி என்று தெரியவந்ததும் பிறகு எல்லோரும் அறிந்த செய்தி. அந்தப் போட்டி தன் நினைவிலேயே இல்லை என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த நிலையிலும் மேடைச்சரிவில் துணைக்கு ஆளில்லாமல் தானே நடந்து போனார். 49 வயதில்! தோற்றார் என்று சொல்லும்போதெல்லாம் அந்த நடையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஹூஸ்டன்வாசி

உங்கள் பதிவைப் படித்தபின் அந்த நடையை மறுபடி பார்த்தேன். அரங்கில் நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம், ஆனால் அவர் கால் தடுமாறியது அவ்வளவு உயரத்திலிருந்து தெரியவில்லை.

கடைசிப் போட்டியையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிரையனுக்கு அநியாயம். அவர் ராண்டி ஆர்ட்டன், பட்டிஸ்டா இருவரோடும் ஒரே நேரத்தில் மோத வேண்டும். நடுவில் ஸ்டிரெச்சரில் கொண்டுபோகப் பார்த்தார்கள், எழுந்து திரும்பி வந்தார். பட்டிஸ்டா தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டதும் அத்தனை பேரும் பிரையனைப் போலவே இரு கைகளையும் உயர்த்தி "யெஸ்! யெஸ்!" என்று கத்தினோம். மேலிருந்து வண்ணக் காகிதங்கள் கொட்டின. முன்வரிசைப் பெரியவரும் கை உயர்த்தினார். தொப்பி மட்டும் மடியிலேயே இருந்தது.

இரவோடு இரவாகத் திரும்பினோம். பேட்டன் ரூஜ் தாண்டி, சதுப்பு நிலத்தின் மேல் மைல் கணக்கில் நீளும் பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது அறைத்தோழர் முதல்முறையாக வாய் திறந்தார். "மூன்றாவது தட்டுக்கு அண்டர்டேக்கர் தோளைத் தூக்கினாரா, இல்லையா?" அடுத்து வந்த பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி, அவருடைய தொலைபேசியில் அந்தக் காட்சியைத் தேடி எடுத்து நான்கு முறை ஓட்டிப் பார்த்தோம். தூக்கவில்லை.