நோக்கியா மெமரி கார்டில் உள்ள ஜாவா கேம்களை லேப்டாப்பில் ஓட்ட முடியுமா?

கீபேடு_ரசிகை:
எங்கள் வீட்டு நோக்கியா 2700 கிளாசிக்கில் டிஸ்ப்ளே போய்விட்டது. மெமரி கார்டு நன்றாக இருக்கிறது. அதில் நிறைய .ஜார் கோப்புகள்: கிரிக்கெட், பைக் ரேஸ், ஒரு செஸ். தம்பியும் நானும் சண்டை போட்டு விளையாடியவை, மகளுக்குக் காட்ட ஆசை. விண்டோஸ் 10 லேப்டாப்பில் ஜாவா போட்டுத் திறந்தால் பிழைச் செய்திதான் வருகிறது. அதற்கு முன்பு 1100-இல் விளையாடிய பாம்பு கேமையும் இப்படிக் கொண்டுவர முடியுமா?

கார்டுரீடர்:
முடியும் அக்கா. நான் செல்போன் கடையில் வேலை பார்த்தபோது பாட்டோடு சேர்த்து இந்தக் கேம்களையும் கார்டில் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். இவை அழியக்கூடாது என்பது என் ஆசை. அதனால் முதலில் கார்டு முழுவதையும் லேப்டாப்பில் நகலெடுங்கள். ஒரு கேம் சில நூறு கேபிதான், இடம் பெரிதாகப் பிடிக்காது.

பிழை வரக் காரணம், போன் ஜாவாவும் கணினி ஜாவாவும் வேறு. .ஜார் என்பது ஜிப் கோப்புதான். 7-ஜிப் போன்ற ஜிப் திறக்கும் மென்பொருளில் திறந்து, உள்ளே கேமின் விவரங்கள் இருக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பைப் பாருங்கள், 'மிட்லெட்' (போன் ஜாவா நிரல்) என்று இருக்கும். கணினி ஜாவா தேடுவது 'மெயின் கிளாஸ்' என்ற வரியை. அது இல்லாததால் நின்றுவிடுகிறது. போனின் திரைக்கும் பட்டனுக்கும் உரிய நிரல் நூலகங்களும் கணினியில் கிடையாது. அந்த வேலையைச் செய்யத்தான் எமுலேட்டர், அதாவது கணினியில் போனைப் போல நடிக்கும் மென்பொருள்.

நான் பயன்படுத்துவது ஃப்ரீஜே2எம்இ. திறந்து கேம் கோப்பைக் காட்டினால் போதும். எஸ்கேப் அழுத்தினால் வரும் மெனுவில் திரை அளவை 240x320 என்று வையுங்கள், உங்கள் போனின் அளவு அதுதான். ஒரே கேமை 128x160, 176x208 என்று ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி ஜாராகத் தயாரித்தார்கள். அளவு தவறினால் படம் வெட்டுப்படும், அல்லது ஓரத்தில் வெள்ளையாக நிற்கும்.

பாம்பு கேம் வேறு கதை. 1997-இல் 6110 போனுக்காக டனேலி ஆர்மன்டோ எழுதியதில் தொடங்கியது அது. 1100-இல் ஜாவாவே கிடையாது. கேம் போனின் மென்பொருளுக்குள்ளேயே இருந்தது, அதனால் எடுத்துவர தனிக் கோப்பு இல்லை.

கீபேடு_ரசிகை:
கிரிக்கெட் ஓடுகிறது தம்பி! மெனுவில் 'செலக்ட்' மட்டும் எதை அழுத்தினாலும் வரவில்லை. செஸ்ஸில் பாதியில் நிறுத்திய ஆட்டத்தையும் காணோம்.

கார்டுரீடர்:
திரைக்குக் கீழே இருக்கும் இடது, வலது பட்டன்களுக்குக் கீபோர்டில் க்யூ, டபிள்யூ. 5-க்கு என்டர். நம்பர் பேடில் மேல் வரிசை 7 8 9, போனில் 1 2 3. எமுலேட்டரே அதைத் தலைகீழாக்கிக் கொள்ளும், அதனால் பழைய விரல் பழக்கத்திலேயே ஆடலாம்.

செஸ் ஆட்டம் வராது. சேமித்தது ஜாருக்குள் இருக்காது, போன் அதைத் தனியாக வைத்திருக்கும். ஜாரை மட்டும் திறந்தால் அது வராது. போன் இன்னும் ஆன் ஆகிறதென்றால் தூக்கிப் போடாதீர்கள், டிஸ்ப்ளே மாற்றினால் அதில் பார்க்கலாம்.

இரவு_உலா:
பைக் ரேஸ் 3டி என்றால் ஃப்ரீஜே2எம்இ-யில் திரை கறுப்பாக நிற்க வாய்ப்புண்டு. அதற்குக் கேஎமுலேட்டர் போட்டுப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் என்றால் ஜே2எம்இ லோடர், தொடுதிரையிலேயே கீபேடு வந்துவிடும்.

கீபேடு_ரசிகை:
பைக் ரேஸ் 3டிதான், கறுப்பாகத்தான் நின்றது. கேஎமுலேட்டரை இறக்கிக்கொண்டிருக்கிறேன். 2700-ஐயும் கடைக்குக் கொண்டுபோகிறேன்.