கொக்கோ ஸ்டோரில் அம்மா பார்த்த வேலை

மலேசியச் சாக்லெட்டின் வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்தே தொடங்குகிறார்கள். பேராக் மாநிலத்துப் பாகான் டத்தோ பக்கத்துத் தென்னந்தோட்டமொன்றில் பிறந்த நான் அதைக் கொக்கோ ஸ்டோரிலிருந்துதான், அதாவது தோட்டத்தில் கொக்கோக் கொட்டைகளைப் புளிக்கவைத்து உலர்த்தும் கொட்டகையிலிருந்துதான், தொடங்குவேன். தென்னை நிழலில் ஊடுபயிராகக் கொக்கோ வளர்ந்த எங்கள் தோட்டத்தில், 1980களில் என் தாயார் முதலில் காய் உடைத்தார், பிறகு ஸ்டோருக்கு மாற்றப்பட்டார்.

உடைத்தெடுத்த ஈரக் கொட்டைகளை வெள்ளைச் சதையோடு மரப்பெட்டியில் கொட்டி, சாக்கால் மூடி, ஐந்தாறு நாள் புளிக்க வைப்பார்கள். உள்ளே சூடு 45 பாகை செல்சியஸுக்கு மேல் ஏறும். அந்தச் சூட்டிலும் அமிலத்திலும் கொட்டையின் முளை செத்த பிறகே, வறுக்கும்போது சாக்லெட் மணமாக மாறவேண்டிய பொருள்கள் அதனுள் உருவாகின்றன. இடையிடையே காற்றுப்படும்படி வேறு பெட்டிக்கு மாற்றிப் புரட்டுவதும் அம்மாவின் பொறுப்பு. புளித்தது போதுமா என்பதை, ஒரு கொட்டையைக் குறுக்கே வெட்டி, ஊதா நிறம் பழுப்பாக மாறியிருக்கிறதா என்று பார்த்தே சொல்லிவிடுவார். ஸ்டோரின் காடி வாடை அவருடைய சேலையை விட்டுப் போனதேயில்லை.

அக்காலத்தில் மலேசியக் கொட்டைக்குப் புளிப்பு மிகுதி என்ற குறை வெளிநாட்டுச் சந்தையில் இருந்ததால், கானாவின் கொட்டைக்குக் கிடைத்த விலை இதற்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறையைப் பெட்டி புரட்டியவர்களின் தலையில் போடுவதை என்னால் ஏற்க முடியாது. சதை தடித்திருந்தது, ஆழமான பெட்டிகளில் காற்றோட்டம் போதவில்லை, இயந்திரச் சூட்டில் விரைந்து உலர்த்தியபோது அமிலம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கியது. காய்களைப் பறித்தவுடன் உடைக்காமல் சில நாள் வைத்திருந்தால் புளிப்புத் தணியும் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆனால் எதை எப்போது உடைப்பது என்பதை நிர்வாகம் தீர்மானித்ததேயன்றி, தொழிலாளர்கள் தீர்மானிக்கவில்லை.

1990இல் நாட்டின் விளைச்சல் ஏறத்தாழ 247,000 டன்னை எட்டியது. அதற்கு முன்பே, 1980இல் சபா மாநிலத்திலும் 1986இல் தீபகற்ப மலேசியாவிலும், கொக்கோக் காயைத் துளைத்துக் கெடுக்கும் காய்த்துளைப்பான் புழு தென்பட்டிருந்தது. உலகச் சந்தையில் விலையும் விழ, கொக்கோவை வெட்டிச் செம்பனை நட்டார்கள். இன்று மலேசிய ஆலைகள் ஆண்டுக்கு மூன்று இலட்சம் டன்னுக்கு மேல் அரைத்தாலும், கொட்டையில் ஏறக்குறைய முழுவதும் மேற்கு ஆப்பிரிக்கா, இந்தோனேசியா முதலிய வெளியிடங்களிலிருந்தே வருகிறது.

ஸ்டோரில் வேலை செய்த பெற்றோர் உள்ளவர்கள், பெட்டியின் ஆழம், புரட்டிய நாள்கள், உலர்த்திய முறை ஆகியவற்றை அவர்களிடம் கேட்டு, தோட்டத்தின் பெயரோடு இங்கே எழுதுங்கள்.