கலங்கரை விளக்கம் தெரிகிறது என்கிறார் அப்பா. விழித்திரைப் பரிசோதனை தேவையா?

கேள்வி (தங்கச்சிமடம்):
அனைவருக்கும் வணக்கம். விசைப்படகில் தொழிலுக்குச் செல்லும் என் தந்தைக்கு வயது 56. சர்க்கரை நோய் கண்டு 9 ஆண்டுகளாகின்றன. மாத்திரைகளைத் தவறாமல் உட்கொள்பவர், கண் மருத்துவரிடம் மட்டும் ஒருமுறைகூடச் சென்றதில்லை. வற்புறுத்தினால், "இருட்டில் பாம்பன் கலங்கரை விளக்கம் தெரிகிறது, வலையின் கண்ணியும் தெரிகிறது, பிறகு எதற்கு?" என்கிறார். கடையில் போட்டுப் பார்த்து வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்கியதையே கண் பரிசோதனை என்று எண்ணியிருக்கிறார். அவருடைய இடக்கண்ணில் மூக்குப் பக்கமாகச் சிறு சதை வளர்ந்துள்ளது. அது சர்க்கரையால் வந்ததா?

பதில் 1 (கீழக்கரை):
தம்பி, அந்தச் சதை வெயிலிலும் காற்றிலும் ஆண்டுக்கணக்கில் நிற்பவர்களுக்கு வருவது. மருத்துவர் பார்க்கும்போது அதையும் காட்டிவிடுங்கள். அஞ்ச வேண்டியது கண்ணின் பின்புறத்தை. இரத்தத்தில் நெடுநாள் மிகுந்திருக்கும் சர்க்கரை விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களை நலியச் செய்வதால் அவற்றில் கசிவு உண்டாகிறது. பார்வையின் மையப் பகுதி தப்பியிருக்கும் வரை விளக்கும் எழுத்தும் தெளிவாகவே தெரியும். நானும் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த நாட்களில்தான் எனக்குக் கசிவு இருப்பதைக் கண்டுபிடித்து லேசர் சிகிச்சை செய்தார்கள். இருக்கும் பார்வையைக் காப்பதற்கே லேசர், போனதை மீட்பது அரிது என்று மருத்துவர் முன்பே சொல்லிவிட்டார்.

பதில் 2 (மண்டபம்):
எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் இந்தப் பரிசோதனைக்கு மீன்பிடித் தடைக்காலத்தை ஒதுக்கியிருக்கிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில்தானே கிடக்கின்றன. அப்போது தொழில் கெடுகிறது என்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது. பரிசோதனைக்காகச் சொட்டு மருந்திட்டுக் கண்பாவையை விரிப்பதால் சில மணி நேரம் வெயில் கூசும், அருகிலுள்ளவை மங்கும். ஆகவே கறுப்புக் கண்ணாடியும் துணைக்கு ஓர் ஆளும் வேண்டும். இரத்த அழுத்தமும் விழித்திரையைக் கெடுக்குமென்பதால் கருவாட்டையும் குறைக்கச் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் அது எளிதில் நடக்கிற காரியமா என்பது வேறு.

பதில் 3 (இராமநாதபுரம், செவிலியர்):
முன்பே பரிசோதித்து, குறையில்லை என்று அறிந்தவர்களுக்கு தடைக்காலத்தில் ஆண்டுக்கொருமுறை என்ற அந்த ஏற்பாடு பொருந்தும். உங்கள் தந்தை அதுவரை காத்திருக்கலாகாது. இவ்வயதில் வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், கண்டறியப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உடலில் இருந்திருக்கலாம். அதனால் நோய் தெரிந்தவுடனேயே விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்பதே விதி. அவருக்கு 9 ஆண்டுகள் தள்ளிப்போய்விட்டன. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவையும் எடுத்துச் செல்லுங்கள். கரும்புள்ளிகள் திடீரென மிதந்தாலோ, திரை விழுந்தது போல ஒரு பக்கம் மறைந்தாலோ அன்றே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். சர்க்கரை ஏறி இறங்கும் நாட்களில் கண்ணாடியின் பவரும் மாறுமாதலால், அளவு நிலைத்த பிறகே புதுக் கண்ணாடி வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை விசைப்படகுகளுக்குக் கடலுக்குச் செல்லும் அனுமதி டோக்கன் இல்லை. அன்றே அழைத்துச் செல்கிறேன். திரும்பும்போது தாமே வண்டி ஓட்டுவதாக அப்பா இப்போதே சொல்கிறார். சாவியை நான் வாங்கி வைத்துவிட்டேன்.